அப்டேட் செய்வதா, தள்ளிப்போடுவதா? போன் பாதுகாப்பை வைத்து ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: போனில் 40க்கும் மேற்பட்ட செயலிகள் அப்டேட்டுக்காகக் காத்திருக்கின்றன. நண்பர் ஒருவர், எல்லாம் தானாக அப்டேட் ஆகும்படி விட்டுவிடுங்கள் என்கிறார். இன்னொருவர், நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்காகத் தொடுகிறீர்கள் என்கிறார். போதாததற்கு, போன மாதம் ஒரு செயலி அப்டேட் ஆன கையோடு மைக் அனுமதி கேட்டது. யார் சொல்வதைக் கேட்பது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானியங்கி அப்டேட்டை இயக்கியே வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால், உங்களுக்குத் தேவைப்படாத செயலிகளையும், தயாரித்தவர் யாரென்றே தெரியாத செயலிகளையும் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு செயலியின் அப்டேட்டை நினைத்தாலே தயக்கமாக இருக்கிறது என்றால், அதைப் பழைய பதிப்பிலேயே வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதில் பயன் இல்லை. அந்தச் செயலியே உங்கள் போனில் இருக்கக் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதிப் பதில்.

அப்டேட் வெளியாகும் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு செயலியில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, அதைத் தயாரித்தவர் சரி செய்து புதிய பதிப்பை வெளியிடுகிறார். அன்றே அந்தப் புதிய பதிப்பு தாக்குபவர்களின் கைக்கும் போய்விடும். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து, எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். இப்படி ஒப்பிடுவதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. நேற்று வரை ஓரிருவருக்கு மட்டுமே தெரிந்திருந்த பலவீனம், அப்டேட் வந்த பிறகு தேடத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே அப்டேட் செய்யாதவரின் நிலைமை நேற்று இருந்தது போலவே இன்றும் இருப்பதில்லை, மோசமாகிறது. தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்தை நம்மில் பலர் குறைத்து மதிப்பிடுவது இந்த இடத்தில்தான்.

2019 மே மாதம் வாட்ஸாப்பில் நடந்தது நினைவிருக்கலாம். அதன் குரல் அழைப்புப் பகுதியில் ஒரு ஓட்டை இருந்தது. தாக்குபவர் ஓர் அழைப்பு விடுத்தால் போதும். நீங்கள் எடுக்காவிட்டாலும் உளவு மென்பொருள் போனுக்குள் இறங்கிவிடும். அந்த அழைப்பு வந்த தடயமே பட்டியலில் இல்லாமல் போனதும் உண்டு. உளவு மென்பொருள் தயாரிக்கும் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் இந்த வழியாகச் சுமார் 1,400 பேரைக் குறிவைத்தது என்று வாட்ஸாப் நீதிமன்றம் வரை போனது. குறிவைக்கப்பட்டவர்களில் பத்திரிகையாளர்களும் மனித உரிமைச் செயல்பாட்டாளர்களும் இருந்தார்கள். அவர்கள் எந்த லிங்க்கையும் தொடவில்லை, எதையும் தரவிறக்கவில்லை. எவ்வளவு எச்சரிக்கையாக இருப்பவரையும் இந்த மாதிரித் தாக்குதலில் அவருடைய எச்சரிக்கை காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியது புதிய பதிப்பு ஒன்றுதான்.

இன்னொரு நிகழ்வு 2023 செப்டம்பரில் நடந்தது. வெப்பி வடிவப் படங்களைத் திறக்கப் பயன்படும் லிப்வெப்பி என்ற சிறிய நிரல் தொகுப்பில் ஒரு பிழை வெளிப்பட்டது. திட்டமிட்டு உருவாக்கிய ஒரு படத்தைக் காட்டினாலே, தாக்குபவர் தன் கட்டளைகளை ஓடவைக்கலாம். கூகுள் செப்டம்பர் 11 அன்று குரோமுக்கு அப்டேட் கொடுத்தது, மறுநாள் ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அந்தத் தொகுப்பைத் தங்களுக்குள்ளேயே பொதிந்து வைத்திருந்த செயலிகள் ஏராளம். குரோமை அப்டேட் செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தவரின் போனில், வேறொரு செயலிக்குள் அதே பிழை அப்படியே கிடந்திருக்கும். ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகத் தன் பிரதியை மாற்றிக்கொண்டாக வேண்டும். முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் அப்டேட் செய்தால் போதாதா என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்டேட்டின் குறிப்பைப் படித்துவிட்டு, இதில் பாதுகாப்பு விஷயம் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாமே என்று தோன்றும். முடியாது. பெரும்பாலும் அங்கே எழுதியிருப்பது சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, வேகம் கூட்டப்பட்டது என்கிற அளவில்தான். ஓட்டையைப் பற்றி விவரமாக எழுதினால் அதுவே தாக்குபவருக்கு வழிகாட்டியாகிவிடும் என்பதால் வேண்டுமென்றே அடக்கி வாசிப்பவர்களும் உண்டு.

சரி, இப்போது இரண்டாவது நண்பர் பக்கம் வருவோம். அவருடைய பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2021 மார்ச்சில் செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்ட உதவும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற உள்பகுதியின் அப்டேட் ஒன்று, ஜிமெயில் உட்படப் பல செயலிகளைத் திறந்த வேகத்தில் மூடவைத்தது. காரணம் தெரியாமல் எத்தனையோ பேர் போனையே மாற்ற வேண்டுமோ என்று தவித்தார்கள். 2023 ஜூலையில் ஆப்பிள் அவசரமாக வெளியிட்ட ஒரு பாதுகாப்பு அப்டேட்டால் சில இணையதளங்கள் சரியாகத் திறக்கவில்லை. அதைத் திரும்பப் பெற்று, சில நாட்களில் திருத்திய பதிப்பைக் கொடுத்தார்கள். இவையெல்லாம் தொல்லைதான். ஆனால் தொல்லை வேறு, ஆபத்து வேறு. செயலி திறக்கவில்லை என்றால் உங்களுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், தயாரித்தவர் பதறிப்போய் சரி செய்வார். ஓட்டை வழியாக ஒருவன் உள்ளே வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. அப்டேட்டே விஷமாக வந்தால்?

2020 டிசம்பரில் ப்ளே ஸ்டோரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை நிறுவப்பட்டிருந்த பார்கோடு ஸ்கேனர் செயலி ஒன்றுக்கு அப்டேட் வந்தது. அதுவரை பல ஆண்டுகள் ஒழுங்காக வேலை செய்த செயலி. அப்டேட்டுக்குப் பிறகு, யாரும் தொடாமலேயே போனில் பிரவுசர் திறந்து விளம்பரப் பக்கங்களைக் காட்டத் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு: பழைய பதிப்பில் எந்த டிஜிட்டல் கையெழுத்து இருந்ததோ, அதே கையெழுத்து இருந்தால்தான் புதிய பதிப்பு அதன் மேல் அமரும். இந்த அப்டேட்டில் கையெழுத்து சரியாகவே பொருந்தியது. செயலியை இன்னொருவருக்குக் கைமாற்றும்போது கையெழுத்துப் போடப் பயன்படும் ரகசியச் சாவியும் கைமாறும் என்பதால், அந்த ஏற்பாட்டால் இதைத் தடுக்க முடியவில்லை. கூகுள் அதை ஸ்டோரிலிருந்து நீக்கிய பிறகும், ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களின் போனில் அது இருந்துகொண்டுதான் இருந்தது. அவர்களேதான் கையால் நீக்க வேண்டியிருந்தது.

அடுத்தது இன்னும் கவனிக்க வேண்டியது. ஐரெக்கார்டர் என்ற திரைப்பதிவுச் செயலி 2021 செப்டம்பரில் ஸ்டோருக்கு வந்தது. அப்போது அதில் தீங்கு எதுவும் இல்லை. சுமார் ஓராண்டு கழித்து வந்த அப்டேட்டில் உளவு நிரல் சேர்க்கப்பட்டது. 15 நிமிடங்களுக்கு ஒரு முறை, ஒரு நிமிடம் மைக்கில் கேட்பதைப் பதிவு செய்து வெளியே அனுப்பியது. 2023 மே மாதம் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்தினார்கள். அதற்குள் 50,000 முறைக்கு மேல் நிறுவப்பட்டிருந்தது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த அப்டேட் புதிதாக எந்த அனுமதியையும் கேட்டு யாரையும் திடுக்கிடவைக்கத் தேவையே இருக்கவில்லை. திரையைப் பதிவு செய்யும் செயலிக்கு மைக் அனுமதி கொடுப்பது இயல்பு. முதல் நாளே கொடுத்துவிட்டார்கள். அன்று நல்ல நோக்கத்துக்காகக் கொடுத்த அனுமதி, பின்னால் வந்த கெட்ட நிரலுக்கும் செல்லுபடியானது.

உங்கள் மைக் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6 முதல், மைக், கேமரா, இருப்பிடம், தொடர்புகள் போன்றவற்றை உங்களைக் கேட்காமல் ஒரு செயலி எடுத்துக்கொள்ள முடியாது. ஐபோனிலும் அப்படித்தான். ஆகவே அப்டேட் ஆனதும் அது கேட்டது என்பது ஒரு வகையில் நல்ல செய்தி. முடிவு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அரட்டைச் செயலியில் குரல் செய்தி வசதி வந்திருக்கலாம், தேடலில் பேசித் தேடும் வசதி வந்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான வேலை நடக்கிறதா? அப்படியே விட்டுவிடுங்கள். தேவைப்படும் அன்று கொடுத்துக்கொள்ளலாம். மைக்குக்கும் அந்தச் செயலியின் வேலைக்கும் சம்பந்தமே இல்லை, மறுத்தால் திறக்கவும் மாட்டேன் என்கிறது என்றால், அதை எடுத்துவிடுங்கள்.

ஆனால் கேட்காத செயலிகளையும் பார்க்க வேண்டும் என்பதுதான் ஐரெக்கார்டர் சொல்லும் பாடம். செட்டிங்ஸில் அனுமதி மேலாண்மைப் பக்கத்துக்குப் போய், மைக் என்பதைத் திறந்தால் யார் யாரிடம் அந்த அனுமதி இருக்கிறது என்று பட்டியல் வரும். நான் மாதம் ஒரு முறை பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எதையாவது ஒன்றை ரத்து செய்கிறேன். ஆண்ட்ராய்டு 12 முதல், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி மைக்கையும் கேமராவையும் தொட்டது என்பதைக் காட்டும் பக்கமும் இருக்கிறது. இரவு நீங்கள் தூங்கிய நேரத்தில் ஒரு செயலி மைக்கைத் தொட்டிருந்தால் அதற்குக் காரணம் வேண்டும். பல மாதம் திறக்காத செயலிகளின் அனுமதிகளை ஆண்ட்ராய்டே தானாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. சில செயலிகள் அதை அணைக்கச் சொல்லிக் கேட்கும், அணைக்காதீர்கள். அணுகல்தன்மை அனுமதியை மட்டும் தனியாகப் பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக வந்த வசதி அது. ஆனால் திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அது இடம் கொடுப்பதால், வங்கிப் பணத்தைத் திருடும் நிரல்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்போது போலி அப்டேட்டுகள். நிஜ அப்டேட்டைத் தள்ளிப்போடுபவர்கள்கூட, போலி அப்டேட் வந்தால் பதற்றத்தில் உடனே தட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமான விஷயம். 2021ல் பரவிய ஃப்ளூபாட் என்ற திருட்டு நிரல் குறுஞ்செய்தி வழியாக வந்தது. உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது என்று தொடங்கி, பிறகு, உங்கள் போனில் ஃப்ளூபாட் இருக்கிறது, உடனே இந்தப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுவுங்கள் என்று தன் பெயரையே சொல்லிப் பயமுறுத்தும் அளவுக்குப் போனது. 11 நாடுகளின் காவல் துறைகள் சேர்ந்து 2022ல் அதை முடக்கின. அதன் பிறகும் அதே உத்தி வேறு பெயர்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இணையப் பக்கம் ஒன்றில், உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள் என்று வரும் அறிவிப்பும் இதே ரகம்.

இதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும். அப்டேட் செய்யச் சொல்லி எங்கிருந்து செய்தி வந்தாலும், அந்தச் செய்தியில் உள்ள பொத்தானைத் தொடாதீர்கள். அதை மூடிவிட்டு, நீங்களாகவே ப்ளே ஸ்டோரையோ ஆப் ஸ்டோரையோ திறந்து பாருங்கள். உண்மையான அப்டேட் அங்கே இருக்கும். நிஜமான செயலியே உள்ளே அறிவிப்புக் காட்டினாலும் நான் இப்படித்தான் செய்கிறேன். கூடுதலாகச் செலவாவது பத்து விநாடி. வீட்டில் பெரியவர்களுக்கு இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லிக் கொடுங்கள், செய்து காட்டியே சொல்லிக் கொடுங்கள். அதோடு, அவர்கள் போனில் தெரியாத மூலங்களிலிருந்து, அதாவது ஸ்டோருக்கு வெளியிலிருந்து, செயலிகளை நிறுவும் அனுமதி எந்தச் செயலிக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் அது செயலிவாரியாகக் கொடுக்கப்படுகிறது. பிரவுசருக்கும் அரட்டைச் செயலிக்கும் அது இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

கூடுதல் வசதி இருக்கிறதே என்று வாட்ஸாப்பின் மாற்றிய பதிப்புகளை ஏபிகே கோப்பாக, அதாவது ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் கோப்பாக, வாங்கி நிறுவியிருப்பவர்களும் இதைப் படிக்கலாம். அவற்றுக்கு ஸ்டோரிலிருந்து அப்டேட் வராது, கையெழுத்து வேறு. அடுத்த பதிப்பு எங்கிருந்து வரும், யார் உள்ளே கை வைத்தார்கள் என்பது எதுவும் தெரியாது. உங்கள் மொத்த உரையாடலும் அதன் வழியாகப் போகிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அமைப்புகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் விருப்பங்களுக்குப் போனால் தானியங்கி அப்டேட் இருக்கும். வைஃபை மட்டும் என்று வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வைஃபையே இல்லாதவர்கள் அப்படி வைத்தால் ஒருநாளும் அப்டேட் ஆகாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் ஆப் ஸ்டோர் பகுதியில் அப்டேட்டுக்கான பொத்தான் இருக்கும். தானியங்கி என்றால் உடனடி என்று அர்த்தம் இல்லை. ஆண்ட்ராய்டில் போன் சார்ஜில் இருந்து, சும்மா கிடந்து, அந்தச் செயலி திறந்திராத நேரமாகப் பார்த்துத்தான் பொதுவாக அப்டேட் நடக்கும். தயாரிப்பவர்களும் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. ஆப்பிளின் படிப்படியான வெளியீட்டில் முதல் நாள் 1 சதவீதம் பேருக்குப் போய், ஏழாவது நாளில்தான் எல்லோருக்கும் எட்டுகிறது. ஆகவே பெரிய ஓட்டை பற்றிச் செய்தி வந்த அன்று, தானாக வரட்டும் என்று காத்திருக்காமல் ஸ்டோரில் போய் நீங்களே அப்டேட் கொடுத்துவிடுவது நல்லது.

ஸ்டோர் ஒன்று மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். சாம்சங் போனில் கூடவே வரும் சில செயலிகள் கேலக்ஸி ஸ்டோர் வழியாகத்தான் அப்டேட் ஆகும். ஷாவ்மியில் கெட்ஆப்ஸ் உண்டு. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட் என்று ஒன்று தனியாக இருக்கும். இதையெல்லாம் திறந்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

இடம் நிரம்பிய போனில் தானியங்கி அப்டேட் நின்றுவிடும் என்பதை நான் தெரிந்துகொண்டது என் அக்காவின் போனில்தான். எல்லாம் இயக்கத்தில்தான் இருந்தது. ஒருநாள் வங்கிச் செயலி, இந்தப் பதிப்பு செல்லாது என்று சொல்லித் திறக்க மறுத்தது. பார்த்தால் ஏழு மாதமாக ஒரு செயலியும் அப்டேட் ஆகவில்லை. சேமிப்பிடம் முழுக்க வீடியோ. அவள் தன் போன் பத்திரமாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தாள், நானும்தான். அதனால் தானியங்கி என்று வைத்த பிறகும், மாதம் ஒரு முறை அப்டேட் பட்டியலைத் திறந்து, கடைசியாக எப்போது நடந்தது என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு சூழலில் தானியங்கி அப்டேட்டை அணைத்து வைக்கச் சொல்வேன். உடலில் பொருத்திய சர்க்கரை அளவுக் கருவி போன்றவற்றின் எச்சரிக்கை ஒலி போன் வழியாக வருகிறது என்றால், போனின் இயங்குதளம் தானாக அப்டேட் ஆவதை அணைத்துவிட்டு, கருவித் தயாரிப்பாளர் தங்கள் செயலி அந்தப் பதிப்பில் ஓடும் என்று உறுதி சொன்ன பிறகு நீங்களே அப்டேட் செய்யுங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் இதைப் பற்றி எச்சரித்தது. அப்டேட்டுக்குப் பிறகு எச்சரிக்கை ஒலி வராமல் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. இது உயிர் சம்பந்தப்பட்டது.

அப்டேட்டே வராத செயலியும் கேள்விக்குரியதுதான். ஸ்டோர் பக்கத்தில் கடைசியாக அப்டேட் ஆன தேதி இருக்கும். இணையத்தோடு பேசும் செயலி ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடப்படாமல் இருந்தால், பின்னால் ஆள் இல்லை என்றே எடுத்துக்கொள்வேன். இப்படி அநாதையான, ஆனால் நிறையப் பேரிடம் இருக்கும் செயலிகள் விலைக்கு வாங்கப்படுவதற்கு வசதியானவையும்கூட.

சரி, உங்கள் 40 செயலிகளுக்கு வருவோம். இன்று இரவே உட்காருங்கள். முதலில் படங்களையும் உரையாடல்களையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். பிரவுசர், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ, அரட்டைச் செயலிகள், மின்னஞ்சல், வங்கிச் செயலிகள் ஆகியவற்றை உடனே அப்டேட் செய்யுங்கள். இவற்றுக்கு யோசனையே வேண்டாம். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டார்ச், பார்கோடு, பிடிஎஃப் திறப்பது, வால்பேப்பர் மாற்றுவது என்று சின்னச் சின்ன வேலைக்கு வைத்திருப்பவைதான் பாதி இருக்கும். டார்ச்சும் க்யூஆர் ஸ்கேனரும் இப்போது பெரும்பாலான போன்களிலேயே இருக்கின்றன. கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று நினைவில்லாதவற்றை நீக்குங்கள். தயாரிப்பாளரின் பெயர் முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா, அண்மைய விமர்சனங்களில் விளம்பரம் தானாகத் திறக்கிறது என்ற புகார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் நீக்குங்கள். மிஞ்சியவற்றின் அனுமதிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அப்டேட் கொடுத்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். மைக் கேட்ட அந்தச் செயலி எது என்று பெயரைச் சொன்னால், அதற்கு மைக் தேவைதானா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.